அப்பா ஸ்டுடியோவை மூடப் போறோம், இத்தனை வருஷத்து நெகட்டிவை என்ன செய்றது?

மன்னை_வடகரை (மன்னார்குடி)

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். அப்பா எங்க ஊர்ல எழுபதுகள்லேர்ந்து போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கார். இப்ப கட்டடத்துக்காரர் இடத்தைக் கேக்குறார், இடிச்சுட்டு காம்ப்ளெக்ஸ் கட்டப் போறாராம். அப்பாவுக்கும் கண்ணுல புரை எடுத்தாச்சு, கை நடுக்கம் வேற. மூடிடலாம்னு வீட்ல முக்கால்வாசி முடிவாயிடுச்சு.

சிக்கல் என்னன்னா உள் ரூம்ல இருக்கிற நெகட்டிவ். ரெண்டு மர பீரோ நிறைய, அதுக்கு மேல போட்டோ பேப்பர் டப்பா அடுக்கு. கொஞ்சம் கண்ணாடி பிளேட் இருக்கு, அது அப்பாவுக்கு வேலை கத்துக் கொடுத்தவர்கிட்டேர்ந்து வந்தது. மீதியெல்லாம் ஷீட் பிலிம், 120 ரோல், அப்புறம் 35 எம்.எம். ஒவ்வொரு உறை மேலயும் நம்பர். அந்த நம்பருக்கு நீள நோட்டுல பேர், ஊர், சைஸ், அட்வான்ஸ், பாக்கி எல்லாம் எழுதியிருக்கு. பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்குற ஆள் ஒருத்தர் வந்து பாத்தார். வெள்ளி எடுக்குறதுக்காம், கிலோ கணக்குல கேக்குறார். அப்பா முடியவே முடியாதுங்கிறார். ஏன்னு கேட்டா, "அது ஊர்க்காரங்களுது"ன்னு ஒரே வார்த்தை, அதுக்கு மேல பேச்சில்ல.

இதை வச்சுக்கிறதுல ஏதாவது பிரயோஜனம் உண்டா? சட்டப்படி யாருக்குச் சொந்தம்? தொழில்ல இருக்கிறவங்க சொன்னா புண்ணியமாப் போவும்.

கேண்டிட்_தம்பி (தஞ்சாவூர்)

அண்ணே, மனசுல பட்டதைச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. யாரோ ஒருத்தர் 1982-ல எடுத்த பாஸ்போர்ட் சைஸ் நெகட்டிவை வச்சுக்கிட்டு யார் என்ன பண்ணப் போறா? அந்த ஆளோட பேரன் கையில இருக்கிற போன்ல ஆயிரம் படம் இருக்கு.

நாலு சுவத்துக்குள்ள ஸ்டூல்ல உக்கார வச்சு எடுக்குற போர்ட்ரெய்ட்டெல்லாம் முடிஞ்சு போச்சுண்ணே. பாஸ்போர்ட்டுக்கு சேவா கேந்திரத்துலயே எடுத்துக்கிறாங்க, நாலு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு மட்டும்தான் பிரிண்ட் கொண்டுபோகணும். ஆதாருக்கும் ஆதார் சென்டர்லயே எடுக்கிறாங்க. கடைக்கு மிஞ்சினது ஸ்கூல் ஐடி கார்டும் பேங்க் பாஸ்புக்கும்தான். நான் கடையே வைக்கல. ஒரு 85 எம்.எம். லென்ஸ், ரெண்டு லைட், பைக். ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாவுல வருது.

குடந்தை_லைட்மேன் (கும்பகோணம்)

மன்னை தம்பிக்கு மட்டும் முதல்ல ஒண்ணு. எக்ஸ்ரே ஆளை வாசலோட அனுப்பிடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

கேண்டிட் தம்பிக்கு: நீங்க சொல்றதுல பாதி சரி. பாஸ்போர்ட் போனதுதான் எங்க இடுப்பை ஒடிச்சுது. அது வரைக்கும் அன்னாட சோறு அதுலதான் வந்துச்சு. "அர்ஜெண்ட், அரை மணி நேரத்துல"ன்னு போர்டு போட்டு, வெயில்ல வேர்த்து வர்ற ஆளுக்கு ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு கோட்டு. கோட்டுன்னா ஒரே கோட்டு. முன்பக்கம்தான் தெரியும், அதனால முதுகுல கிழிஞ்சா தைக்க மாட்டோம், குத்தூசி போட்டு இறுக்கிப்போம். எங்க ஏரியாவுல சிங்கப்பூர், மலேசியா, துபாய் போனவன் பாதிப்பேர் அந்த ஒரே கோட்டுலதான் ஏர்போர்ட் தாண்டியிருக்கான்.

ஆனா போர்ட்ரெய்ட் முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அது கிடையாது. எடுக்கிற இடம் மாறியிருக்கு. நான் எண்பதுகள் கடைசியில டார்க் ரூம் பையனாச் சேந்தேன். முதலாளி வச்சிருந்தது யாஷிகா 120 கேமரா. ஒரு ரோல்ல பன்னெண்டு ஃப்ரேம், அவ்ளோதான். ஆளுக்கு ஒண்ணு, மீறினா ரெண்டு. அதனால பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கணும். தாடையை எவ்வளவு இறக்கணும், எந்தத் தோளை முன்னால தள்ளணும், மூக்கு நிழல் உதட்டைத் தொடுதா, எல்லாத்தையும் கண்ணாலயே பாத்துடுவார். டெவலப்பரும், அதான் பிலிம் கழுவுற மருந்து, நாங்களே கலக்கிக்குவோம். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. இப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மெட்டால் கைக்கு ஒத்துக்காது. விரல் நுனியெல்லாம் வெடிச்சு அரிக்கும், சோத்தைப் பிசைஞ்சா எரியும். முதலாளி ஸ்பூன்லதான் சாப்பிடுவார். புதுசா வர்றவங்க அவரை ஃபாரின் பழக்கம்னு நெனச்சுக்குவாங்க.

பேப்பர் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட "இந்து". ஸ்டாக் இல்லாதப்ப வேற எது கிடைச்சாலும் வாங்கிடுவோம். அந்தக் காலத்து கறுப்பு வெள்ளை பிரிண்ட்டை எடுத்துப் பாருங்க, ஒழுங்கா ஹைப்போவுல (படத்தை நிலைக்க வைக்கிற மருந்து) போட்டு நல்லா வாஷ் பண்ணியிருந்தா இன்னிக்கும் அப்படியே இருக்கும். அதுக்கப்புறம் வந்த கலர் ஆல்பத்தை எடுங்க, எல்லார் மூஞ்சியும் செங்கல் கலர்ல இருக்கும். சயான்ங்கிற நீலப்பச்சைச் சாயம்தான் மொதல்ல ஓடிப்போகும், சிவப்பு நிக்கும். தாத்தா கல்யாணம் தெளிவா இருக்கு, அப்பா கல்யாணம் சிவந்து கிடக்கு. எந்த வீட்டுலயும் இதான் கதை.

நெய்தல்_நாகை (நாகப்பட்டினம்)

வச்சுக்கிறதுல பிரயோஜனம் உண்டான்னு கேட்டீங்க. 2004 டிசம்பர் 26 எங்க வீட்டுல சுவர் மட்டும் நின்னுது. ஆல்பம், மாட்டியிருந்த படம், ரேஷன் கார்டு எல்லாம் போச்சு. என் மூத்த அக்காவும் போயிட்டா. அவ முகம் இருக்கிற ஒரு துண்டு காகிதம் கூட எங்க கையில இல்ல.

அவ பத்தாவது படிக்கும்போது ஹால் டிக்கெட்டுக்காக ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது அம்மாவுக்கு நெனப்பு வந்துச்சு. போனோம். வருஷத்தைச் சொன்னதும் அவர் நோட்டைப் புரட்டித் தேட ஆரம்பிச்சார். கிடைச்சுது. காசு வாங்கல. இப்ப எங்க வீட்டுச் சாமி ரூம்ல இருக்கிறது அந்தப் படம்தான், ரெட்டை ஜடையும் ஸ்கூல் யூனிஃபார்மும்.

உங்க அப்பா ஊர்க்காரங்களுதுன்னு சொன்னதுக்கு அர்த்தம் இதான் சார்.

ஏடும்_எழுத்தும் (தஞ்சாவூர்)

சட்டம் குறித்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு. ஒருவர் காசு கொடுத்து, தன் விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொண்ட புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் முதல் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே. நெகட்டிவ் என்கிற பொருள் ஸ்டுடியோ வசம் இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை அச்சிட்டு விற்பதோ புத்தகத்தில் போடுவதோ தனி விவகாரம். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் மற்றப் படைப்புகளைப் போலவே எடுத்தவரின் ஆயுள் காலமும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் என்று ஆகிவிட்டது. ஆகவே உங்கள் அப்பா ஒரு வரியில் சொன்னது சட்டப்படியும் ஏறக்குறைய சரிதான்.

ஆவணம் என்ற வகையிலும் இதற்கு மதிப்பு உண்டு. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டவைத்தார். அற்புதமான வேலை. ஆனால் அவர் எடுத்ததில் பெரும்பகுதி கல்லும் கோபுரமும்தான். இந்தப் பக்கத்துச் சாதாரண சனங்களின் முகம் வேண்டும் என்றால் ஸ்டுடியோ பீரோக்களைத்தான் திறக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களிலிருந்தும் குடும்பங்களிலிருந்தும் இப்படிப்பட்ட படங்களைத் திரட்டி எண்ணிமமாக்கியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

திருவையாத்து_மக (திருவையாறு)

இழையை ஆரம்பத்துலேர்ந்து படிச்சேன். எங்க அப்பாவும் போட்டோகிராபர்தான், இப்ப இல்ல. எல்லாரும் அந்தக் காலம், யாஷிகா, இந்து பேப்பர்னு உருகுறீங்க. வீட்டுக்குள்ள இருந்து பாத்த நான் கொஞ்சம் சொல்லிக்கிறேன்.

தை, வைகாசி, ஆவணி மூணு மாசமும் அப்பா வீட்டுல இருக்க மாட்டார். முகூர்த்தம் நாலரை - ஆறுன்னா மொத நாள் சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிடணும். ராத்திரி மண்டபத்துல ஜமக்காளத்துல படுக்கை. சாப்பாடு கடைசிப் பந்தி, அதுலயும் ரசம்தான் மிஞ்சும். ஆடியிலயும் மார்கழியிலயும் வீட்டுல உக்காந்துருப்பார், ஆனா அப்ப காசு இருக்காது. எங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுற ஜூன் மாசம் வரும்போது வைகாசிக் கல்யாணப் பாக்கி ஒண்ணும் வந்திருக்காது. "ஆல்பம் வந்ததும் தர்றேன்"னுவாங்க. ஆல்பம் கொடுத்ததும் "அறுவடை ஆவட்டும்"னுவாங்க. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்கலைன்னா குறுவை இல்ல. குறுவை இல்லைன்னா எங்க அப்பாவோட பாக்கியும் இல்ல. டெல்டாவுல வயக்காடு இல்லாதவங்களும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பர்ல பாப்பாங்க. எங்க வீட்டுல மொதல்ல பாக்குற செய்தியே அதான்.

இன்னொண்ணு. டச்சிங் யார் பண்ணினாங்க? எங்க அம்மா. கடை போர்டுல அப்பா பேர்தான். அம்மா சமையல் முடிச்சுட்டு ஜன்னலோரம் டச்சிங் டெஸ்க்குல உக்காருவாங்க. நெகட்டிவ்ல பென்சில் பிடிக்கிறதுக்கு மீடியம்ங்கிற திரவத்தைத் தடவி, பென்சில் முனையை உப்புத்தாள்ல தேய்ச்சு ஊசி மாதிரி நீட்டி வச்சுக்கிட்டு, கன்னத்துல இருக்கிற அம்மைத் தழும்பை ஒவ்வொண்ணா நிரப்புவாங்க. நெகட்டிவ்ல பென்சில் பட்ட இடம் பிரிண்ட்டுல வெளுப்பா வரும். கறுப்பு வேணும்னா கத்தி முனையால சுரண்டணும். புருவம் மெல்லிசா இருக்கிற பொண்ணுக்குச் சுரண்டியே புருவம் வச்சிருக்காங்க. சுரண்டும்போது கை தவறினா நெகட்டிவ் போச்சு, அந்தக் குடும்பத்தைத் திரும்ப வரச் சொல்லணும். சம்பளம்னு ஒரு பைசா அம்மா கையில வந்ததில்ல.

எங்க படம் நிறைய இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. கஸ்டமர் அவசரப்பட்டா ரோல் முடியுறதுக்கு முன்னாடியே கழுவணும்ல, மிச்ச ஃப்ரேம் வீணாப் போகக் கூடாதுன்னு எங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சு அமுக்கிடுவார். நானும் தம்பியும் அடுத்தவங்க ரோலோட கடைசி ஃப்ரேம்ல வளந்தவங்க. பாதிப் படத்துல நான் சாப்பிட்டுக்கிட்டிருப்பேன்.

மன்னை அண்ணன், நெகட்டிவை வச்சுக்கங்க, வேணாங்கல. ஆனா உங்க அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

குடந்தை_லைட்மேன்

திருவையாத்து அக்கா சொன்னதுல ஒரு எழுத்து கூட தப்பு இல்ல. எங்க வீட்லயும் இதே கதைதான், சொல்றவங்கதான் வேற. இப்ப என் பொண்ணுதான் போட்டோஷாப் பாக்குறா, அவளுக்கு மாசச் சம்பளம் போட்டிருக்கேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

வீடுன்னதும் ஒண்ணு சொல்லணும். சாவு போட்டோ. இப்ப உள்ள பசங்க போறதில்ல. அப்ப ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட கதவைத் தட்டுவாங்க. பெரியவர் உசுரோட இருந்த காலத்துல "போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்"னு ஒரு படமும் எடுத்திருக்க மாட்டார். போன பிறகு நாற்காலியில சாத்தி உக்கார வச்சு, தாடையைத் துணியால கட்டி, மாலை போட்டு, மகன் மகள் பேரப்புள்ளைங்க சுத்தி நிப்பாங்க. உக்காந்திருக்கிறவர்தான் அந்தப் படத்துல அசையவே மாட்டார், மத்தவங்கள்ல யாராவது ஒருத்தர் விம்மி ஷேக் ஆயிடுவாங்க. அந்த வேலைக்கு ரேட் பேசுறதில்லன்னு முதலாளி கண்டிசனா சொல்லுவார். கொடுக்கிறதை வாங்கிக்கணும். வீட்டுக்கு வந்தா கொல்லைப் பக்கமாப் போய் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் உள்ள நுழையணும். கேமரா பை திண்ணையிலயே கிடக்கும், யாரும் தொட மாட்டாங்க.

அதோட முடியாது. பதினாறாம் நாள் கருமாதிக்கு படத்திறப்பு வைக்கணும். "கண்ணைத் திறந்து விடுங்க"ன்னு வருவாங்க. மூடின கண்ணை எப்படித் திறக்குறது? மகனோட கண்ணைத்தான் பாத்துப்பார் முதலாளி. மூத்த மகனை எதிர்ல உக்கார வச்சு, அந்தக் கண்ணைப் பாத்து பிரிண்ட்டு மேல பிரஷ்ஷால வரைவார். வெத்து உடம்பா இருந்தா சட்டை போட்டு விடணும். சிலர் துண்டு போதும்பாங்க. முடிச்சுக் கொடுத்ததும் அந்தம்மா பாத்துட்டு "இது பெரியவன் மாதிரியில்ல இருக்கு"ன்னு சொல்லி, அப்புறம் அதையே மாட்டிக்குவாங்க.

கேண்டிட்_தம்பி

அண்ணே, இதுக்கெல்லாம் இப்ப ஏஐ வந்தாச்சு. மங்கின படத்தைப் போட்டா நிமிஷத்துல கண்ணும் திறக்கும், கலரும் வரும்.

நெய்தல்_நாகை

அக்கா படத்தை ஒரு சொந்தக்காரப் பையன் அப்படிப் போட்டுக் கொடுத்தான் தம்பி. சிரிக்குது, பல்லு வரிசையா இருக்கு, கலரும் வெளுப்பு. அம்மா ஒரு தடவை பாத்துட்டு "இது யாரு?"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், டெலீட் பண்ணச் சொல்லிட்டேன். அக்காவுக்கு முன் பல்லு தெத்து.

குடந்தை_லைட்மேன்

வெளுப்புன்னு சொன்னாங்க பாருங்க, இந்தத் தொழில்ல நெஞ்சை அறுக்குற விஷயமே அதான். நல்ல கறுப்பு மனுசன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டெல்டாவுல கால்வாசிக் கஸ்டமர் இதே காம்பினேஷன்தான். முகத்துக்கு எக்ஸ்போஸ் பண்ணினா சட்டை வெளுத்துப் போய் காலர் மடிப்பே தெரியாது. சட்டைக்குப் பண்ணினா முகம் இருட்டு. தெரியாதவன் முன்னாலேர்ந்து லைட்டை மூஞ்சியில அடிப்பான். முகம் தட்டையா, சாம்பல் பூசின மாதிரி ஆகும். முதலாளி லைட்டைப் பக்கவாட்டுல தள்ளுவார், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல். கறுப்புத் தோலுக்கு அழகே அதுல விழுற மினுக்குதான். நெத்தி மேட்டுல, கன்ன எலும்புல, மூக்குத் தண்டுல ஒரு கோடு மாதிரி வெளிச்சம் ஓடும். பவுடர் போட்டா அது செத்துடும். அதனால பவுடர் டப்பாவைக் கறுப்பு ஆளுங்க வந்தா ஒளிச்சு வச்சுடுவார். சட்டையை பிரிண்ட் போடும்போது தனியா கூடுதல் வெளிச்சம் கொடுத்து அடக்கிக்குவார்.

ஆனா பொண்ணு பாக்குற போட்டோன்னா இதெல்லாம் செல்லாது. "கொஞ்சம் கலரா கொடுங்க". இதைக் கேக்காத அப்பா அம்மாவை நான் பாத்ததில்ல. ஒரே பொண்ணு மூணு நாலு வருஷம் கழிச்சு மறுபடி வரும், அதே பட்டுப்புடவை, இன்னும் கொஞ்சம் வெளுப்பா வேணும். அந்தப் பொண்ணு ஸ்டூல்ல உக்காந்து கண்ணாடியைப் பாக்காமலே "நீங்க எப்படி வேணா எடுங்கண்ணே"ன்னும். அந்த மாதிரி நெகட்டிவெல்லாம் மன்னை தம்பி பீரோவுலயும் இருக்கும்.

கேண்டிட்_தம்பி

இதுல நான் உங்க கட்சிண்ணே. என்கிட்டயும் எடிட்ல வெளுப்பாக்கச் சொல்லிக் கேக்குறாங்க. நான் ஒத்துக்குறதில்ல, அதனால போன ஆர்டரும் உண்டு. ஆனா ஒண்ணு, கேமராவே ஏமாத்தும். ஆட்டோவுல விட்டா கறுப்பு முகத்தைச் சாம்பலாக்கி எக்ஸ்போஸை ஏத்திடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக் கீழ இறக்கி வச்சாத்தான் தோல் தோலா இருக்கும். காலேஜ்ல சொல்லித் தரல, ஒரு நாகஸ்வரக்காரரை எடுக்கும்போதுதான் புரிஞ்சுது. அவர் மார்புல வரிசையா மெடல், அது வேற பளபளன்னு மீட்டரைக் குழப்பும்.

கூத்தாநல்லூர்_சபுராளி (ஷார்ஜா)

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பக்கத்துக் கதை வேற மாதிரி. வாப்பா மலேசியாவுல இருந்தாங்க, நாங்க ஊர்ல. புள்ளைங்க வளர்றதை வாப்பா போட்டோவுலதான் பாத்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஸ்டுடியோவுக்குப் போய் உம்மாவோட நின்னு எடுத்து, சபுர் (வெளிநாடு) போறவங்க யார்கிட்டயாவது கொடுத்தனுப்புவோம். உம்மா வர்ற அன்னைக்கு மஃரிபு (அந்தி நேரத் தொழுகை) முடிஞ்ச அப்புறம்தான் போவோம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிடுவார், டிஸ்பிளேல வைக்கக் கூடாது, பிரிண்ட்டோட நெகட்டிவையும் கொடுத்துடணும். இதான் பேச்சு. அவர் கடைசி வரைக்கும் வாக்குத் தவறல. அவர் இந்துதான், மன்னார்குடிப் பக்கம்தான். உங்க வாப்பாவாக் கூட இருக்கலாம் பாய்.

நான் சொல்ல வந்தது: ஸ்கேன் பண்ணுங்க, நல்லது. ஆனா "பழைய மன்னார்குடி முகங்கள்"னு முகநூல்ல அள்ளிக் கொட்டிடாதீங்க. சில முகம் ஒரே ஒரு ஆள் பாக்கணும்னு எடுத்தது.

ஏடும்_எழுத்தும்

பாய் சொன்னது மிக முக்கியம். கேட்டு வருபவருக்கு அவர் வீட்டுப் படத்தைக் கொடுப்பது ஒன்று, எல்லோருக்கும் திறந்து வைப்பது வேறு.

பாஸ்போர்ட் சைஸை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேண்டிட் தம்பி முதலில் கேட்டார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனை நாம் எந்த முகமாக அறிவோம்? 1919-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம் அது. 1936-இல் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் இந்தியா வந்தபோது, இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டதன் பேரில், இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து அதைப் பெற்றுச் சென்றார். 1940-இல் வெளிவந்த ஹார்டியின் நூலில் அது இடம்பெற்றது. பின்னர் 1980-களில் சிற்பி பால் கிரான்லண்ட் செய்த மார்பளவுச் சிலைக்கும் அதுதான் ஆதாரம். ஜானகி அம்மாள் அந்தச் சின்னப் படத்தைப் பத்திரப்படுத்தாமல் இருந்திருந்தால் தபால்தலையில் வேறு ஏதோ ஒரு முகம்தான் இருந்திருக்கும். அதை எடுத்த போட்டோகிராபருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. க்யூவில் அடுத்த ஆள், அவ்வளவுதான்.

கேண்டிட்_தம்பி

சரி சார், அந்தப் பாயிண்ட் உங்களுக்கு. ஆனா மன்னார்குடி பீரோவுல இராமானுஜன் இருக்கார்னு சொல்லாதீங்க :)

குடந்தை_லைட்மேன்

இருக்கார்னு யார் சொன்னா? நாகை அம்மாவோட அக்கா மாதிரி ஆளுங்க இருக்காங்க. அது போதாதா?

இனிமே வேலையைப் பேசுவோம். மன்னை தம்பி, நெகட்டிவ் இப்ப எந்த நிலைமையில இருக்கு? கஜா புயல் அடிச்சப்ப உங்க பக்கம் பலமாச்சே.

மன்னை_வடகரை

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு மொத்த இழையையும் உரக்கப் படிச்சுக் காட்டினேன். கோட்டு விஷயம் வந்ததும் சிரிச்சுட்டார், எங்க கடையிலயும் ஒரே கோட்டுதான், மெரூன் கலர். கூத்தாநல்லூர் பாய்க்கு: ஷட்டரைப் பாதி இறக்கிறது அப்பாவுக்கும் வழக்கமாம், ஆனா நெறையப் பேர் அப்படித்தான் செய்வாங்க, நாந்தான்னு சொல்லிக்கக் கூடாதுன்னுட்டார்.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜாவுல எங்க கடை ஓடு பறந்துச்சு. ஒரு பீரோவுக்குள்ள தண்ணி இறங்கி, கீழ்த் தட்டு நெகட்டிவ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பத்து நாளைக்கு மேல கரண்ட் இல்ல. அப்பா அதைத் தொடவே விடல, அப்படியே காய்ஞ்சு அட்டை மாதிரி ஆயிடுச்சு. மேல் தட்டுலயும் சில டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை வருது. கண்ணாடி பிளேட் மட்டும் நல்லா இருக்கு, ஓரத்துல வெள்ளி பூத்திருக்கு.

அம்மாகிட்டயும் கேட்டேன், திருவையாத்து அக்கா சொன்னதுக்காக. "வித்துத் தொலைங்க"ன்னு சொல்லுவாங்கன்னுதான் நெனச்சேன். அம்மா உள்ள போய் தனியா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வந்தாங்க. அது பூரா அம்மா கையால கலர் பூசின பிரிண்ட், கறுப்பு வெள்ளை மேல ஆயில் கலர். கஸ்டமர் வாங்க வராமப் போனது. "இதுக்குக் கணக்கு எழுதலைல்ல உங்க அப்பா"ன்னு கேட்டாங்க. அப்பா வாயே திறக்கல.

குடந்தை_லைட்மேன்

வினிகர் வாடை அடிக்கிற டப்பாவை முதல்ல பிரிச்சு வேற ரூம்ல வைங்க, இன்னிக்கே. அது அசிடேட் பிலிம் கெட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பக்கத்துல இருக்கிறதையும் சீக்கிரம் கெடுக்கும். ஸ்கேன் பண்றதுலயும் அதுக்குத்தான் முதல் வரிசை. ஒட்டிக் காய்ஞ்சதைக் கையால பிரிக்காதீங்க, மேல் படலம் உரிஞ்சு வந்துடும். நனைஞ்ச அன்னைக்கே சுத்தமான பச்சைத் தண்ணியில போட்டு ஈரத்தோடவே ஒண்ணொண்ணாப் பிரிச்சிருந்தா பாதி தேறியிருக்கும், ஆனா புயல் அன்னைக்கு யார் அதை யோசிப்பாங்க. இனி அதை ஒரு கன்சர்வேட்டர், அதான் பழைய பொருளைக் காப்பாத்துற நிபுணர்தான் பாக்கணும், அப்படியே கட்டி ஓரமா வைங்க. மத்தது எல்லாத்தையும் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சுடுங்க. நம்ம பக்கம் காத்துல இருக்கிற ஈரத்துக்குப் பூஞ்சை பூக்க ரெண்டு வாரம் போதும். பெரிய ஸ்கேனர் வேணாம். நல்ல மேக்ரோ லென்ஸ், ஒரு லைட் பேட், கேமராவை ஸ்டாண்டுல குப்புறக் கவுத்துக்கட்டினாப் போதும்.

கேண்டிட்_தம்பி

மேக்ரோ லென்ஸ் என்கிட்ட இருக்குண்ணே. ஆடி மாசம் முழுக்க எனக்கு ஆர்டர் இல்ல. மன்னார்குடி வர்றேன். ஒரே கண்டிசன், அந்த மெரூன் கோட்டைப் போட்டு உங்க அப்பா என்னை ஒரு போர்ட்ரெய்ட் எடுக்கணும், ஸ்டூல்ல உக்கார வச்சு.

மன்னை_வடகரை

வாங்க தம்பி, சாப்பாடு நம்ம வீட்ல. கோட்டுல கைப்பக்கம் பாச்சை அரிச்சிருக்கு, மார்பளவுக்கு எடுத்தா தெரியாதுன்னு சொல்லச் சொன்னார்.

முடிவு இப்படி ஆகியிருக்கு: கடையை ஆவணியில காலி பண்றோம். நோட்டும் நெகட்டிவும் வீட்டு மேல் ரூமுக்கு வருது. யார் வந்து கேட்டாலும் அவங்க வீட்டுப் படத்தைக் கொடுக்கிறது, வேற யாருக்கும் காட்டுறதில்ல. புதுச்சேரிக்கும் எழுதியிருக்கேன், அவங்க பதில் வந்ததும் இங்கயே போடுறேன். நோட்டுல அப்பா கையெழுத்தை அவரையும் அம்மாவையும் தவிர யாராலயும் படிக்க முடியல, அதனால அம்மா உக்காந்து சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். மணிக்கு இவ்வளவுன்னு அம்மா ரேட் சொல்லிட்டாங்க, அப்பாதான் கொடுக்கணுமாம்.

ஒரு சந்தேகம். உறையெல்லாம் மாத்தணும், தஞ்சாவூர்ல பிளாஸ்டிக் கவர்தான் கிடைக்குது. போடலாமா?

குடந்தை_லைட்மேன்

பிவிசி கவர் மட்டும் வேணாம், நாளாவட்டத்துல ஒட்டிக்கும். பாலிப்ராப்பிலீன்னு கேட்டு வாங்குங்க. இல்லாட்டி அமிலம் இல்லாத பேப்பர்ல உறை செஞ்சுக்கலாம், அது சென்னையிலேர்ந்து வரவழைக்கணும். எவ்வளவு வேணும்னு எண்ணிச் சொல்லுங்க, எனக்கும் சேர்த்தே போட்டுடுறேன். நம்பரைப் பழைய உறையிலேர்ந்து புது உறைக்கு மாத்தும்போது பென்சில்ல எழுதுங்க, பால்பாயிண்ட் வேணாம்.